உருளைக்கிழங்குக்குள்ள பழுப்பு வளையம்: புழுவா, வைரஸா, பக்கத்து பிளாட்காரர் சொல்றது சரியா?

நீங்க கேட்டது மேலோட்டமா பாத்தா நாலு கேள்வி. ஸ்காட்லாந்துல ஃபைஃப் கடலோரம் அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்கு குடுக்கற நிலத்துண்டு, அதைத்தான் பிளாட்னு சொல்றேன்) எடுத்து மூணாவது வருஷம், பென்ட்லாண்ட் டெல் உருளை போட்டீங்க, வெளிய தோல் பளபளன்னு இருக்கு, வெட்டினா உள்ள பாதி நிலா மாதிரி பழுப்பு வளையம், பக்கத்து பிளாட் தாத்தா "இது நூற்புழு கொண்டுவர்ற வைரஸ்"னு சொல்லிட்டார் (நூற்புழுன்னா மண்ணுல வாழற ரொம்பச் சின்னப் புழு). சாப்பிடலாமா, அடுத்த வருஷம் அங்கயே கேரட் பீட்ரூட் போடலாமா, ஊர்ல செய்யற மாதிரி செண்டுமல்லி நட்டா போயிடுமா, இல்ல அந்த இடத்தையே விட்டுடணுமா. ஆனா உண்மையில நீங்க கேக்கறது ஒரே விஷயம்தான்னு நினைக்கறேன்: என் மண்ணுல இருக்கறது நிரந்தரமா, கழுவி விடக்கூடிய அழுக்கா? அதுக்கு பதில் சொல்லணும்னா கொஞ்சம் சுத்தி வரணும், பொறுத்துக்கோங்க. நான் கோயம்புத்தூர்ல நூற்புழுவியல் படிச்சுட்டு அப்புறம் நெதர்லாந்து, இப்ப இங்கிலாந்து கிழக்குப் பக்கம்னு 14 வருஷமா மண் சாம்பிள்ல புழு எண்ணிட்டு இருக்கற ஆளு. புழு பக்கம் தைரியமா பேசுவேன், வைரஸோட மூலக்கூறு விஷயம் லேப்ல பக்கத்து மேசைக்காரங்ககிட்ட கேட்டு கத்துக்கிட்டதுதான்.

முதல்ல சாப்பாடு, அதை முடிச்சுடலாம். செடியைத் தாக்கற வைரஸ் மனுஷனுக்கு நோய் உண்டாக்காது, இதுல சந்தேகமே வேணாம். அந்த வளையம் இருக்கற சதை மட்டும் கார்க் மாதிரி கெட்டியா, வேகாம, ருசியில்லாம இருக்கும், வறுத்தா அந்த இடம் இன்னும் கருப்பா வரும். வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தை பொரியல் பண்ணுங்க. அழுகி நாத்தம் வந்தா அது வேற கதை, அதை குப்பைல போடுங்க, கம்போஸ்ட்ல வேணாம்.

இப்ப அது என்ன நோய். நீங்க போட்ட போட்டோவையும் ரகத்தோட பேரையும் வச்சு பாத்தா தாத்தா சொன்னது சரியா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஸ்காட்லாந்துல இதுக்கு ஸ்ப்ரெயிங்னு பேரு, அமெரிக்காவுல கார்க்கி ரிங்ஸ்பாட்டும்பாங்க, பென்ட்லாண்ட் டெல் இதுக்கு பேர்போன ரகம், ஆராய்ச்சிக்காரங்களே நோய் காட்டணும்னா அதைத்தான் நடுவாங்க. ஆனா போட்டோவ பாத்து சத்தியம் பண்ண முடியாது, ஏன்னா இதே மாதிரி வளையத்தை இன்னொரு வைரஸும் போடும், உருளை மாப்-டாப் வைரஸ்னு. அதைப் பரப்பறது புழுவே கிடையாது, கிழங்குல பவுடரி ஸ்காப் உண்டாக்கற ஸ்பாங்கோஸ்போரான்னு ஒரு நுண்ணுயிர். ஸ்காட்லாந்து மாதிரி குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்துல அதுவும் சாதாரணமா இருக்கு. உங்க கிழங்கு தோல்ல பொடிப்பொடியா வெடிச்ச சொறி இருக்கான்னு நல்லா தேய்ச்சுக் கழுவிப் பாருங்க, இருந்தா சந்தேகம் அந்தப் பக்கம் சாயும், இல்லைன்னாலும் அது இல்லைன்னு முழுசா சொல்ல முடியாது. மூணாவதா கால்சியம் பத்தாம வர்ற உள் துருப்புள்ளின்னு ஒண்ணு, அது வளையமா இருக்காது, அங்கங்க சிதறின துரு மாதிரி புள்ளி, நோயே இல்ல.

இந்த ரெண்டு வைரஸையும் பிரிக்க பழைய காலத்து வழி ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. மண்ணை எடுத்து நல்லா காய வச்சு, திரும்ப ஈரமாக்கி அதுல புகையிலை நாத்து மாதிரி ஒரு செடியை நடுவாங்க. காய்ஞ்சா நூற்புழு செத்துடும், அதனால புழு கொண்டுவர்ற வைரஸ் அந்த நாத்துல வராது. ஸ்பாங்கோஸ்போராவோட விதை மாதிரியான உருண்டைகள் மண்ணு காய்ஞ்சாலும் அசையாது, வருஷக்கணக்கா மண்ணுல உக்காந்திருக்கும், அதனால மாப்-டாப் வரும். வைரஸோட மரபணுவைத் தேடிப் பிடிக்கற பிசிஆர் மெஷின் இல்லாத காலத்துல வெறும் வெயிலையும் ஒரு தொட்டியையும் வச்சு கண்டுபிடிச்சாங்க பாருங்க.

சரி, புழு கொண்டுவர்ற வைரஸ்தான்னு வச்சுக்கலாம். பேரு டொபாக்கோ ராட்டில் வைரஸ். புகையிலை இலை இந்த நோய் வந்து காஞ்சு போய் காத்துல சலசலன்னு சத்தம் போடுமாம், அதான் பேரு. மண்ணுலேர்ந்து வருதுன்னு ரொம்ப நாளா தெரியும், எப்படின்னு தெரியல. 1958ல கலிஃபோர்னியாவுல ஹெவிட், ராஸ்கி, கோஹீன்னு மூணு பேர் திராட்சை ஃபேன்லீஃப் வைரஸை சிஃபினெமா இண்டெக்ஸ்ங்கற நூற்புழு கடத்துதுன்னு காட்டினாங்க, நூற்புழு வைரஸ் சுமக்கும்னு உலகத்துக்கு தெரிஞ்சதே அப்பத்தான். ரெண்டே வருஷத்துல, 1960ல, நெதர்லாந்துல இந்த ராட்டில் வைரஸை ட்ரைக்கோடோரஸ் வகை புழு கடத்தறதையும் புடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் டண்டி பக்கத்துல இன்வர்கவுரில இருந்த ஆராய்ச்சி நிலையத்துல ஹாரிசன், டெய்லர், முரன்ட் மாதிரி ஆளுங்க இந்த மாதிரி வைரஸ்களையே வாழ்நாள் வேலையா எடுத்துப் பாத்தாங்க. உங்க தோட்டத்துலேர்ந்து டே ஆத்தைத் தாண்டினா அந்த இடம்தான், அதனால இந்த விஷயத்துல உலகத்துலயே நல்லா ஆராயப்பட்ட மண்ணுல நீங்க நின்னுட்டு இருக்கீங்கன்னு கூட சொல்லலாம்.

இங்க ஒரு குழப்பத்தை தீர்த்துடறேன், ஏன்னா கமெண்ட்ல ஒருத்தர் "ஊட்டியில இருக்கற அதே நூற்புழுதானே"ன்னு கேட்டிருக்கார். இல்லைங்க. நீலகிரியில 1961ல ஜோன்ஸ்ங்கற ஆங்கிலேய நிபுணர் பாத்து சொன்னது முட்டைக்கூடு நூற்புழு, பொன்னிற உருண்டையா வேர்ல ஒட்டிட்டு இருக்கும். அது பயிரை நேரடியா சாகடிக்கற திருடன், வைரஸ் எதையும் சுமக்காது. ஊர்ல கேரட்டை முண்டு முண்டா ஆக்கற வேர்முடிச்சு நூற்புழுவும் சுமக்காது. மரவள்ளியில வர்ற தேமல் நோய் வைரஸ்தான், ஆனா அதுக்கு வண்டி வெள்ளை ஈ. வைரஸ் சுமக்கறதா உறுதியா தெரிஞ்ச நூற்புழு எல்லாம் ரெண்டே குடும்பம்: ட்ரைக்கோடோரஸ் பக்கம் ஒண்ணு, சிஃபினெமாவும் லாஞ்சிடோரஸும் இருக்கற குடும்பம் ஒண்ணு. ரெண்டுமே வேருக்குள்ள போய் குடும்பம் நடத்தாது, மண்ணுல சுத்திட்டே வெளிய நின்னு ஊசியை குத்தி உறிஞ்சிட்டு அடுத்த வேருக்கு போகும். வீடு வீடா போற ஆளாலதான தொத்து பரவும், வீட்டுக்குள்ளயே படுத்திருக்கறவன் என்னத்த பரப்புவான்.

ட்ரைக்கோடோரஸ் வகை சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளம், தடிச்சு சுருட்டு மாதிரி இருக்கும். மணல் மண்ணுலதான் சுகமா நடமாடும், களிமண்ணுல நெளிய இடமில்ல, அதனாலதான் ஃபைஃப் கடலோர மணல்னு நீங்க எழுதினதுமே நான் தலையாட்டினேன். மழையோ தண்ணியோ நல்லா விழுந்து மண் ஈரமா இருக்கறப்ப, அதுவும் கிழங்கு கட்ட ஆரம்பிக்கற வாரங்கள்ல, இளம் கிழங்கோட தோல்மேலயே நேரா குத்தும். அந்தக் குத்துல வைரஸ் உள்ள போகும், கிழங்கு எதிர்த்து அந்த இடத்து செல்லை எல்லாம் தானே சாகடிச்சு வேலி போடப் பாக்கும், வைரஸ் தாண்டும், இன்னொரு வேலி, அதுதான் நீங்க பாக்கற வளையம் வளையமா இருக்கற பழுப்பு. வைரஸ் தின்ன இடம்னு நினைச்சிருப்பீங்க, கிழங்கு சண்டை போட்ட தழும்பு அது. புழு நிறைய வேணும்னு கூட இல்ல, அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல கால் லிட்டர் மண்ணுக்கு மூணு புழு இருந்தாலே நோய் வரும்னு கண்டிருக்காங்க. அதனால "புழுவை பாதியா குறைச்சேன்"ங்கறது இந்த நோயில பெருசா ஒண்ணும் சாதிக்காது.

இப்ப உங்க நிஜக் கேள்விக்கு வர்றேன். வைரஸ் இந்தப் புழுவோட உடம்புக்குள்ள பெருகறது கிடையாது. உணவுக்குழாயோட உள் சுவர்ல, புழுதியில நடந்தவன் செருப்புல மண் ஒட்டற மாதிரி, ஒட்டிட்டு இருக்கும், குத்தறப்ப எச்சிலோட கழண்டு வேருக்குள்ள போகும். புழு வளர வளர தோலுரிக்கும்ல, அப்ப அந்த உணவுக்குழாய் உறையும் சேர்ந்து உரிஞ்சு போயிடும், வைரஸும் போச்சு. முட்டை வழியா குட்டிக்கும் போகாது. அப்ப ஒவ்வொரு தலைமுறை புழுவும் சுத்தமாத்தான் பொறக்குது, நோய் உள்ள ஏதாவது ஒரு வேரைக் கடிச்சாத்தான் அதுக்கு வைரஸ் கிடைக்கும். வளர்ந்து முடிஞ்ச புழு தோலுரிக்காது, அதுங்ககிட்ட மாசக்கணக்குல ஒட்டிட்டு இருக்கும்ங்கறதால ஒரு சீசன் சும்மா போட்டா போகாது, அதையும் சொல்லிடறேன். ஆனாலும் புழு வெறும் பஸ்தான். வைரஸோட வீடு வேற எங்கயோ இருக்கு.

வீடு களைங்க. இந்த ராட்டில் வைரஸ் 400க்கு மேல செடி வகையில வாழும், அதுல நிறைய செடிக்கு வெளிய ஒரு அறிகுறியும் தெரியாது, பச்சைப்பசேல்னு நிக்கும். உங்க பக்கம் மழைக்கு முளைக்கற சிக்வீட், ஷெஃபர்ட்ஸ் பர்ஸ், கிரவுண்ட்ஸெல் எல்லாம் இதுல வரும். ஃபீல்ட் பான்சிங்கற சின்னப் பூச்செடி விதை வழியாவே வைரஸை அடுத்த தலைமுறைக்கு குடுக்கும். பஸ் எல்லாம் ஷெட்டுக்கு போனாலும் வீட்டுல ஆள் இருக்கான், காலைல முதல் பஸ்ஸுக்கு தயாரா. அதனாலதான் "ரெண்டு வருஷம் உருளை போடாம விட்டேன் சார், திரும்ப வந்துடுச்சு"ன்னு விவசாயிங்க புலம்பறது. உருளை போடல சரி, களையை விட்டீங்களே.

இதுக்கு நேரடி சாட்சி வாஷிங்டன் மாநிலத்துல பண்ணின சோதனைகள். அங்க ட்ரைக்கோடோரஸ் வகையிலயே பாரட்ரைக்கோடோரஸ் ஆலியஸ்னு ஒரு புழு, மணல் மண்ணு, பெரிய பெரிய உருளைப் பண்ணை. குதிரை மசால்ங்கற தீவனப் பயிர் பண்ணின இடத்துல புழு சந்தோஷமா தின்னுட்டு பெருகிட்டே இருக்கு, ஆனா குதிரை மசால் வேர்ல இந்த வைரஸ் குடியேறல, அதனால தலைமுறை மாற மாற புழுக்கூட்டமே சுத்தமாயிடுச்சு. ஒரு வகை புதினாவுலயும் அதே கதை. புழு இருக்கு, நோய் இல்ல! ஆனா அதே குதிரை மசாலுக்கு நடுவுல நைட்ஷேட் களை நின்ன இடத்துல வைரஸ் அப்படியே தங்கிடுச்சு. என்னைக் கேட்டா இந்த நோயைப் பத்தி இது ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டாலே முக்கால்வாசி புரிஞ்ச மாதிரி.

கேரட் பீட்ரூட் விஷயம். வைரஸால உருளையில வர்ற மாதிரி உள்வளையம் இதுங்கள்ல வந்து நான் பாத்ததில்ல, ஆனா புழுவோட கடியே தொல்லை பண்ணும். முளைச்சு வர்ற ஆணிவேரோட நுனியை புழு கடிச்சா வேர் பக்கவாட்டுல பிரிஞ்சு கேரட் ரெண்டு கால் மூணு கால் வச்சுட்டு வரும். இங்கிலாந்துல நார்ஃபோக்ல டாக்கிங்னு ஒரு கிராமம், அங்க மணல் நிலத்துல சர்க்கரை பீட் திட்டுத் திட்டா வளராம நின்னு போச்சு, அந்த ஊர் பேர்லயே டாக்கிங் டிஸார்டர்னு பேர் வச்சாங்க, காரணம் ட்ரைக்கோடோரஸும் லாஞ்சிடோரஸும் வேரைக் கடிச்சதுதான், வைரஸுக்கு அதுல பெரிய பங்கு இல்ல. பீட்ரூட்டுக்கு ஸ்காட்லாந்துலயே இன்னொரு வைரஸ் இருக்கு, பீட் ரிங்ஸ்பாட்னு, இலையில வளையம் போடும், அதை சுமக்கறது லாஞ்சிடோரஸ் எலாங்கேட்டஸ். அந்தப் புழு வைரஸை சில வாரம்தான் வச்சிருக்கும், அதுக்கப்புறம் மறந்துடும், ஆனா களை விதை ஞாபகம் வச்சிருக்கும். திரும்ப அதே கதைதான் பாருங்க. ஆக கேரட் பீட்ரூட் தாராளமா போடுங்க, கொஞ்சம் கோணலா வந்தா திட்டாதீங்க, பாத்தியில களை மட்டும் நிக்க விடாதீங்க.

செண்டுமல்லி: மன்னிக்கணும், இங்க வேலைக்கு ஆகாது. ஊர்ல வேர்முடிச்சு நூற்புழுவுக்கு நடறோம், நெதர்லாந்துல வேர் அழுகல் நூற்புழுவுக்கு பெரிய அளவுல நடறாங்க, ரெண்டுக்கும் நல்லா வேலை செய்யும், ஏன்னா அந்தப் புழு வேருக்குள்ள போய் விஷத்துல மாட்டும். ட்ரைக்கோடோரஸ் வெளியவே நின்னு உறிஞ்சற ஜாதி, அதுகிட்ட இந்த வேலை நடக்காது. டச்சுக்காரங்க இந்த வைரஸ் இருக்கற நிலத்துல தீவன முள்ளங்கியை இடைப்பயிரா போடுவாங்க, புழு குறையாது, சில சமயம் கூடவும் செய்யும், ஆனா வைரஸ் குறையும். மறுபடி பஸ்ஸும் வீடும். இத்தாலியன் ரைகிராஸ் மட்டும் பச்சை உரம்னு போட்டுடாதீங்க, அது இந்தப் புழுவுக்கு கல்யாண விருந்து. மருந்தைப் பத்தி கேக்கவே கேக்காதீங்க, பெரிய பண்ணைக்காரங்க அடிச்சுட்டு இருந்த ஆல்டிகார்ப் ஐரோப்பாவுல 2007 முடிவோட போயிடுச்சு, மிச்சம் இருக்கறது லைசென்ஸ் உள்ளவங்களுக்கு, வீட்டுத் தோட்டத்துக்கு ஒண்ணும் கிடையாது. இருந்தாலும் இந்தப் புழு ஒரு மீட்டர் ஆழம் வரை இறங்கிடும், மேல தெளிக்கறது கீழ இருக்கறவனுக்கு தெரியவே தெரியாது.

ரகத்தை மாத்தறதுதான் உங்களுக்கு உடனே பலன் குடுக்கும். பென்ட்லாண்ட் டெல்லை விட்டுடுங்க. பின்ட்ஜே இந்த வைரஸுக்கு எதிர்ப்பு உள்ளதுன்னு ரொம்ப காலமா பேர் வாங்கினது. ஆனா ஒரு எச்சரிக்கை, "என் ரகத்துல வளையமே வரல"ங்கறது எப்பவும் நல்ல சேதி கிடையாது. வில்ஜான்னு ஒரு ரகம், வைரஸ் செடி பூரா பரவி இருக்கும், வெட்டினா வெள்ளை வெளேர்னு இருக்கும், சண்டையே போடாம வீட்டுக்குள்ள விட்டுடுச்சு. அந்தக் கிழங்கை விதையா எடுத்து வேற தோட்டத்துல நட்டா வைரஸும் கூடவே போகும். அதனால உங்க பிளாட்ல விளைஞ்சதுல ஒரு கிழங்கு கூட விதைக்கு வைக்காதீங்க, யாருக்கும் குடுக்காதீங்க, சர்டிஃபிகேட் உள்ள விதைக்கிழங்கு வாங்கிப் போடுங்க.

டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும்னு தோணினா ஒரு நுணுக்கம் தெரிஞ்சுக்கோங்க. இந்த வைரஸோட மரபுப்பொருளான ஆர்என்ஏ ரெண்டு துண்டு. பெரிய துண்டு தனியாவே செடிக்குள்ள பெருகி பரவ முடியும், சின்ன துண்டுலதான் மேல்உறை புரதமும், புழு மேல ஏறிக்கறதுக்கு வேண்டிய சாமானும் இருக்கு. உருளைக்கிழங்குல பல நேரம் பெரிய துண்டு மட்டும்தான் இருக்கும், உறையே இல்லாம அம்மணமா. எலைசா டெஸ்ட் தேடறது அந்த உறையைத்தான், அதனால "இல்லை"ன்னு ரிசல்ட் வரும், கிழங்கு வளையத்தோட முன்னாடி கிடக்கும். பெரிய துண்டைத் தேடற பிசிஆர் பண்றாங்களான்னு கேட்டுட்டு காசு குடுங்க. எடின்பரோவுல சாசான்னு அரசாங்க லேப் இருக்கு, தனி ஆளோட சாம்பிள் எடுப்பாங்களான்னு போன் பண்ணிக் கேளுங்க. (இதே வைரஸை உலகம் பூரா லேப்ல செடியோட ஜீனை ஆஃப் பண்ணிப் பாக்கற கருவியா வச்சிருக்காங்க, விவசாயிக்கு எமன், ஆராய்ச்சி மாணவனுக்கு தோழன்.) மண் சாம்பிள் அனுப்பறதா இருந்தா ஈரமா இருக்கறப்ப 20, 30 சென்டிமீட்டர் ஆழத்துலேர்ந்து எடுத்து, பைல போட்டு, முட்டை தூக்கற மாதிரி தூக்கிட்டு போங்க, கார் டிக்கியில வெயில்ல விடாதீங்க. வேலைக்கு சேர்ந்த புதுசுல நான் சாம்பிள் பையை எல்லாம் பொத்துன்னு மேசைல போடுவேன், எண்ணிப் பாத்தா பூஜ்யம், பூஜ்யம்னு எழுதிட்டு இருந்தேன். வேற புழு தாங்கும், இந்தப் புழு அடி பட்டா செத்துடும், செத்தா பிரிச்செடுக்கறப்ப மேல வராது. ஒரு மாசம் கழிச்சுத்தான் சீனியர் பாத்து தலைல அடிச்சுக்கிட்டார்.

கடைசியா ஒண்ணு, கேள்வியோட ஓரத்துல நீங்க போற போக்குல எழுதிட்டு போனது: பாத்தி ஓரமா "ஊர் ஞாபகத்துக்கு" மணத்தக்காளி வச்சிருக்கேன், தானா விழுந்து முளைக்குதுன்னு. மேல வாஷிங்டன்ல குதிரை மசாலுக்கு நடுவுல நின்னு வைரஸை காப்பாத்தின நைட்ஷேட்னு சொன்னேனே, மணத்தக்காளி அந்தக் குடும்பம்தான், அதுவும் இந்த வைரஸுக்கு வீடு. மூணு வருஷமா புழுவுக்கும் வைரஸுக்கும் நீங்களே தண்ணி ஊத்தி வாடகை இல்லாம வீடு குடுத்திருக்கலாம். அதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்லல, சிக்வீட் ஒண்ணே போதும் அந்த வேலைக்கு. ஆனா தரையில இருக்கறதை வேரோட புடுங்கிடுங்க, தானா முளைக்கற நாத்தையும் விடாதீங்க. விதை வேணும்னா பழத்தைப் பறிச்சு கழுவி எடுத்து, கடையில வாங்கின கம்போஸ்ட் போட்ட தொட்டியில வளருங்க, தொட்டியை மண்ணு மேல வைக்காம கல்லு மேல வைங்க, ஓட்டை வழியா வேர் கீழ இறங்கிடும். அங்க குளிருக்கு தொட்டியா இருந்தா உள்ள தூக்கி வச்சுக்கலாம், வத்தக்குழம்புக்கு இன்னும் ஒரு மாசம் கூடவே காய்க்கும்.